வாசகர் கேள்வி – பதில்: மருந்துக்கு மசியாத புற்றுநோய் செல்லின் சவ்வு

புற்றுநோயில் மருந்து எதிர்ப்பு ஏன் உண்டாகிறது, அதில் செல் சவ்வின் பங்கு என்ன என்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். தொடக்கத்தில் கீமோதெரபியில் கட்டி நன்றாகச் சுருங்கியது. இப்போது அதே மருந்து வேலை செய்யவில்லை என்கிறார் மருத்துவர். புற்றுநோய் செல்லின் சவ்வு இறுகிவிடுவதால் மருந்து உள்ளே நுழைய முடிவதில்லை என்று ஒரு கட்டுரையில் படித்தேன். இது உண்மையா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: உங்கள் அக்காவுக்கு அடுத்த மருந்து நன்கு பலனளிக்க வேண்டும் என்பதே என் முதல் விருப்பம். நீங்கள் படித்த கருத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அதனோடு இன்னொரு செய்தியையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் பொருள் விளங்கும்.

செல்லைச் சுற்றியுள்ள சவ்வு அசைவற்ற உறையன்று. பாஸ்போலிப்பிடு எனப்படும் கொழுப்பு மூலக்கூறுகள், தலைகள் நீரை நோக்கியும் வால்கள் உட்புறமாகவும் அமைய, இரண்டு அடுக்குகளாகச் சேர்ந்து சுமார் 5 நானோமீட்டர் தடிமனுள்ள ஒரு படலமாகின்றன; கொலஸ்ட்ராலும் பலவகைப் புரதங்களும் அதில் பதிந்திருக்கின்றன. தத்தம் அடுக்குக்குள் இந்த மூலக்கூறுகள் ஓயாமல் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒரு பாக்டீரியாவின் நீளத்தை ஒரு நொடிக்குள் கடந்துவிடும் வேகம் அவற்றுக்கு உண்டு. 1970இல் ஃபிரை, எடிடின் என்னும் இரு அறிவியலாளர்கள் மனிதச் செல்லையும் எலிச் செல்லையும் ஒன்றாக இணைத்து, இரண்டின் மேற்பரப்புப் புரதங்களையும் வெவ்வேறு நிறத்தில் ஒளிரச் செய்து கவனித்தார்கள்; 37 பாகை செல்சியஸில் 40 நிமிடங்களுக்குள் இரு நிறங்களும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன, குளிர்ந்த நிலையில் அந்தக் கலப்பு வெகுவாகத் தடைபட்டது. இரண்டே ஆண்டுகளில், 1972இல், சிங்கரும் நிக்கல்சனும் சவ்வைப் புரதங்கள் மிதக்கும் கொழுப்புப் பாய்மமாகக் காணும், இன்று பாடநூல்களில் இடம்பெறும் பாய்ம மொசைக் மாதிரியை முன்வைத்தார்கள்.

சவ்வின் மூலக்கூறுகள் எவ்வளவு எளிதாக நகர்கின்றன என்பதைத்தான் அதன் பாய்மத் தன்மை என்கிறோம். நிறைவுற்ற கொழுப்பு அமிலங்களின் வால்கள் நேராக இருப்பதால் நெருங்கி அடைந்துகொள்கின்றன. இரட்டைப் பிணைப்புள்ள நிறைவுறா கொழுப்பு அமிலங்களின் வால்கள் வளைந்திருப்பதால் இடைவெளி விட்டு நிற்கின்றன. மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடுவதும் நல்லெண்ணெய் உறையாதிருப்பதும் இந்த வேறுபாட்டினால்தான். கொலஸ்ட்ராலோ, உடல் வெப்பநிலையில், அருகிலுள்ள வால்களின் அசைவைக் கட்டுப்படுத்திச் சவ்வை மேலும் செறிவாக்குகிறது.

மார்பகப் புற்றுநோய்க்குப் பெரிதும் பயன்படும் டாக்சோரூபிசின், பாக்லிடாக்சல் ஆகியவையும், நம் வீட்டு முற்றங்களில் பூக்கும் நித்திய கல்யாணிச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு ரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் வின்கிரிஸ்டினும் கொழுப்பில் ஓரளவு கரையக்கூடியவை. இவை பெரும்பாலும் சவ்வின் வெளியடுக்கில் முதலில் ஒட்டி, அங்கிருந்து உள்ளடுக்குக்குப் புரண்டு, பிறகு செல்லுக்குள் இறங்குகின்றன. நடுவிலுள்ள அந்தப் புரளல்தான் மெதுவான கட்டம். டாக்சோரூபிசினுக்கு அது ஒரு நிமிட அளவில் நேரம் எடுப்பது. சவ்வு இறுகினால் இந்த நேரம் இன்னும் நீளும். பெல்ஜியத்தின் லூவன் நகர ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: பல புற்றுநோய் செல்கள் தமக்கு வேண்டிய கொழுப்பைத் தாமே உற்பத்தி செய்துகொள்கின்றன, அவ்வாறு உருவாவது மிகுதியும் நிறைவுற்ற கொழுப்பாகவோ ஒரே ஓர் இரட்டைப் பிணைப்புள்ள கொழுப்பாகவோ இருப்பதால் சவ்வின் நிறைவுற்ற தன்மை கூடுகிறது, டாக்சோரூபிசின் அதைக் கடப்பது தாமதமாகிறது.

ஆயினும் தாமதம் வேறு, தடை வேறு. மருந்து மணிக்கணக்கில் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போது, ஒரு நிமிடத்துக்குப் பதிலாக இரண்டு மூன்று நிமிடங்கள் எடுத்துக்கொண்டாலும் இறுதியில் அது உள்ளே வந்துசேர்ந்துவிடும். சவ்வின் இறுக்கம் மட்டுமே காரணமாக இருந்தால் மருந்து எதிர்ப்பு இவ்வளவு வலுவாக இருக்க இயலாது. இங்கேதான் நான் சொன்ன இன்னொரு செய்தி வருகிறது.

1973இல் கெல்ட் டானோ என்னும் டேனிஷ் ஆய்வாளர், எதிர்ப்புப் பெற்ற புற்றுநோய் செல்கள் டாக்சோரூபிசினின் உறவு மருந்தான டானோமைசினை ஆற்றல் செலவிட்டு வெளியே தள்ளுகின்றன என்று காட்டினார். 1976இல் டொரொண்டோவில் ஜூலியானோவும் விக்டர் லிங்கும், கோல்கிசின் மருந்துக்கு எதிர்ப்புப் பெற்ற சீன வெள்ளெலியின் செல்களில் ஒரு பெரிய சவ்வுப் புரதம் மிகுந்திருப்பதைக் கண்டார்கள். அதுவே பி-கிளைக்கோபுரதம். 1280 அமினோ அமிலங்களைக் கொண்ட இது, சவ்வை 12 முறை ஊடுருவி நிற்கிறது. ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறைச் செலவிட்டு மருந்தை வெளியேற்றும் ஒரு பம்பாக இயங்குகிறது. ஒரே மருந்தை அல்ல, வேதியியல் அமைப்பில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல மருந்துகளை அது வெளியேற்றுகிறது. எனவேதான் ஒரு மருந்துக்கு எதிர்ப்புப் பெற்ற செல்கள், அதுவரை சந்தித்தேயிராத வேறு மருந்துகளுக்கும் மசியாமல் நிற்கின்றன.

இந்தப் பம்பு மருந்தைப் பெருமளவு சவ்வின் உள்ளிருந்தே பிடித்து வெளியேற்றுகிறது. 1993இல் ஹங்கேரிய ஆய்வாளர்கள், செல்லின் உட்பகுதிக்குள் சென்றால் மட்டுமே மாற்றமடைந்து ஒளிரக்கூடிய ஒரு சாயத்தைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். பம்பு மிகுந்த செல்கள் ஒளிரவே இல்லை: சாயம் உட்பகுதியைத் தொடுமுன்பே, சவ்வைக் கடக்கும் வழியிலேயே பிடிபட்டு வெளியேற்றப்பட்டிருந்தது. ஆகவே மருந்து எதிர்ப்பு என்பது இரண்டு வேகங்களுக்கிடையிலான போட்டி. மருந்து சவ்வைக் கடந்து உள்ளே வரும் வேகம் ஒன்று, பம்பு அதை வெளியே தள்ளும் வேகம் மற்றொன்று. சவ்வு இறுகும்போது மருந்தின் வருகை மெதுவாகிறது, பம்புக்கு அவகாசம் கிடைக்கிறது. அதே அளவு பம்புகளைக் கொண்டே செல் வெற்றி பெற்றுவிடுகிறது. சவ்வும் பம்பும் ஒன்றுக்கொன்று துணை என்பதை மறந்து இரண்டில் ஒன்றை மட்டும் சொல்வது, என் கருத்தில், நோயாளிகளின் குடும்பத்தாருக்குத் தவறான நம்பிக்கையைத் தருகிறது.

உங்கள் அக்காவின் கட்டியில் நடப்பது இதுதான் என்று இங்கிருந்து சொல்ல இயலாது. மருந்து தாக்க வேண்டிய புரதம் மாறிவிடுவது, டிஎன்ஏவில் உண்டான சேதத்தைச் செல் தானே சீர்செய்துகொள்வது, தன்னை அழித்துக்கொள்ளும் இயல்பைச் செல் இழப்பது ஆகியவையும் மருந்து எதிர்ப்பை உண்டாக்கும். சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகளை பி-கிளைக்கோபுரதம் வெளியேற்றுவதில்லை. ஆகையால், ஒரு மருந்து பயனற்றுப்போன பிறகும் வேறு வகை மருந்து பயன் தர வாய்ப்புண்டு. அடுத்து தரவிருக்கும் மருந்து எவ்வகையில் முந்தையதிலிருந்து வேறுபட்டது என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: "உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது" என்று சொல்கிறார்களே, பழகுவது நோயாளியின் உடலா, புற்றுநோயா?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: புற்றுநோய்தான். ஒரு கட்டியில் உள்ள கோடிக்கணக்கான செல்கள் ஒரே மாதிரியானவை அல்ல. மருந்து தொடங்கும் முன்பே அவற்றுள் சில எதிர்ப்பாற்றல் கொண்டிருக்கலாம், சில சிகிச்சையின்போது அதைப் பெறலாம். மருந்து மற்றவற்றை அழித்த பின் எஞ்சிய அவை பெருகுகின்றன. நோயாளியின் இயல்பான செல்கள் மருந்துக்குப் பழகுவதில்லை. அதனால்தான் கட்டி மருந்துக்கு அசையாத நிலையிலும் முடி உதிர்தல், ரத்த அணுக்கள் குறைதல் முதலிய பக்கவிளைவுகள் தொடர்கின்றன. நோயாளி முன்பே மிகுதியாக மாத்திரைகள் உட்கொண்டதால்தான் இப்படி ஆனது என்று வீட்டில் யாரும் அவரைக் குறைகூற வேண்டாம்.

கேள்வி: கண்ணுக்குத் தெரியாத சவ்வின் பாய்மத் தன்மையை எப்படி அளக்கிறார்கள்? எதிர்ப்புப் பெற்ற செல்கள் அனைத்திலும் சவ்வு இறுகியே இருக்கிறதா?
— முதுகலை மாணவி, திருச்சிராப்பள்ளி

பதில்: நெடுங்காலமாகப் பயன்படும் முறை, டிபிஹெச் என்னும் கோல் வடிவ ஒளிர் மூலக்கூறைச் சவ்வின் வால் பகுதிக்குள் நுழைப்பது. ஒரே தளத்தில் அதிரும் ஒளியை அதன்மீது செலுத்தினால், அது மீண்டும் ஒளியை உமிழ்வதற்குள் எவ்வளவு சுழன்றிருக்கிறது என்பதை வெளிவரும் ஒளியின் திசையிலிருந்து கணக்கிடலாம். குறைவாகச் சுழன்றால் சுற்றுப்புறம் செறிவானது, மிகுதியாகச் சுழன்றால் நெகிழ்வானது. மற்றொரு முறை 1970களில் உருவானது: ஒளிரும் சவ்வில் ஒரு சிறு வட்டத்தை லேசரால் மங்கச்செய்து, சுற்றியுள்ள மூலக்கூறுகள் நகர்ந்து வந்து அந்த வட்டத்தை மீண்டும் ஒளிரச்செய்ய எடுக்கும் நேரத்தை அளப்பது. லார்டான் போன்ற சாயங்கள், சவ்வினுள் நீர் எவ்வளவு புகுந்திருக்கிறது என்பதற்கேற்ப நிறம் மாறி அதன் செறிவைக் காட்டுகின்றன.

இந்த முறைகள் ஒவ்வொன்றும் சற்றே வெவ்வேறான பண்பை அளக்கின்றன என்பதை நீங்கள் ஆய்வில் மறக்கக் கூடாது. முதலாவது சுழற்சியையும், இரண்டாவது பக்கவாட்டு நகர்வையும் அளக்கிறது. ஒன்று கூடினால் மற்றொன்றும் கூடியே தீர வேண்டும் என்பதில்லை. டிபிஹெச் செல்லின் வெளிச்சவ்வில் மட்டும் தங்காமல் உட்சவ்வுகளுக்கும் பரவிவிடுவதால், முழுச் செல்லில் எடுத்த அளவு எல்லாச் சவ்வுகளின் சராசரியே. மேலும், ஆய்வகத்தில் செல்கள் வளர்வது பெரும்பாலும் கன்றின் ரத்தத்திலிருந்து எடுத்த ஊனீர் கலந்த ஊட்டக் கரைசலில். அதிலுள்ள கொழுப்பு அமிலங்களும் கொலஸ்ட்ராலும் செல் சவ்வில் கலக்கின்றன. ஊனீரையோ வெப்பநிலையையோ மாற்றினால் அளவும் மாறிவிடும்.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு விடை: இல்லை. 1983இல் டாக்சோரூபிசினுக்கு எதிர்ப்புப் பெற்ற பி388 என்னும் எலி ரத்தப் புற்றுநோய் செல்களில், எதிர்ப்பற்ற செல்களைவிடச் சவ்வு செறிவாக இருப்பதாக ஓர் ஆய்வு கண்டது. அதைப் போன்ற முடிவுகள் வேறு பல செல் வகைகளிலும் கிடைத்தன, கொலஸ்ட்ராலும் ஸ்பிங்கோமயலின் என்னும் சவ்வுக் கொழுப்பும் மிகுந்திருப்பது சிலவற்றில் காணப்பட்டது. எனினும் எதிர்ப்புப் பெற்ற சில செல் வகைகளில் சவ்வு முன்பைவிட நெகிழ்ந்திருப்பதும், சிலவற்றில் வேறுபாடே இல்லாதிருப்பதும் பதிவாகியுள்ளன. இதை முரண்பாடாகக் கருதத் தேவையில்லை. மருந்தின் அளவைப் படிப்படியாகக் கூட்டிப் பல மாதங்கள் வளர்த்தெடுக்கும்போது, ஒவ்வொரு செல் கூட்டமும் தான் பிழைக்கும் வழியைத் தனித்தனியே கண்டடைகிறது. போதுமான பம்புகளைப் பெற்றுவிட்ட ஒன்று தன் சவ்வை இறுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தவிர, சவ்வு எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. கொலஸ்ட்ராலும் ஸ்பிங்கோமயலினும் திரண்ட செறிவான பகுதிகள் அதில் உண்டு; பி-கிளைக்கோபுரதத்தின் ஒரு பகுதி அத்தகைய இடங்களில் அமைந்திருக்கிறது. முழுச் சவ்வின் சராசரி மாறாமலே பம்பைச் சுற்றியுள்ள சிறு பகுதி மட்டும் மாறியிருக்கலாம். ஒரே ஓர் எண்ணை வைத்து ஒரு செல்லை "இறுகியது" என்று தீர்ப்பளிக்கும் கட்டுரைகளை நீங்கள் ஐயத்தோடு படிப்பதே நல்லது.

கேள்வி: சவ்வை நெகிழவைக்கும் மருந்து ஒன்றைக் கீமோதெரபியுடன் சேர்த்துக் கொடுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா?
— ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், யாழ்ப்பாணம்

பதில்: ஐயா, ஆய்வகக் குடுவைக்குள் உங்கள் யோசனை வெற்றி பெற்றே இருக்கிறது. இஸ்ரேலைச் சேர்ந்த ரெகெவ், அசராஃப், எய்டன் ஆகியோர் 1999இல் ஈதர், குளோரோஃபார்ம், பென்சைல் ஆல்கஹால் ஆகியவற்றாலும் சில சோப்பு வகைப் பொருட்களாலும் சவ்வை நெகிழச் செய்தபோது, பி-கிளைக்கோபுரதம் ஏடிபியைச் சிதைக்கும் செயலே நின்றுபோயிற்று. எதிர்ப்புப் பெற்ற செல்களில் மருந்து தங்கத் தொடங்கியது. பம்பு தன்னைச் சுற்றியுள்ள கொழுப்பின் நிலையைச் சார்ந்தே இயங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. சவ்விலிருந்து கொலஸ்ட்ராலை உறிஞ்சி எடுக்கும் சைக்ளோடெக்ஸ்ட்ரின்களும் பம்பைத் தளரச் செய்கின்றன. புளுரோனிக் என்னும் பாலிமர்கள் சவ்வை நெகிழ்த்துவதோடு செல்லின் ஏடிபி இருப்பையும் குறைக்கின்றன. மனிதர்களிடமும் சோதிக்கப்பட்ட ஒரு மருந்து வடிவம் இவற்றிலிருந்து உருவானது.

தடை எங்கே எழுகிறது என்றால், நெகிழ வேண்டிய சவ்வை மட்டும் தேர்ந்தெடுக்க நம்மால் முடிவதில்லை. ஈதரும் குளோரோஃபார்மும் ஒரு காலத்தில் மயக்க மருந்துகளாக இருந்தவை என்பதை வேதியியல் ஆசிரியரான உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. குடுவையில் பம்பை நிறுத்திய அளவுக்கு அவற்றை உடலில் செலுத்தினால், இதயத் தசையின் செல்லும் நரம்புச் செல்லும் அதே பாதிப்புக்கு உள்ளாகும்.

பம்பை நேரடியாகத் தடுக்கும் மருந்துகளின் வரலாறும் இதைத்தான் கற்பிக்கிறது. 1981இல் ஜப்பானின் தகாஷி சுருவோ, இதய நோய்க்கான வெரபமில் எதிர்ப்புப் பெற்ற செல்களில் வின்கிரிஸ்டினின் ஆற்றலை மீட்டெடுப்பதைக் கண்டபோது உலகெங்கும் பெரும் நம்பிக்கை பிறந்தது. வெரபமில் சவ்வை மிக வேகமாகக் கடக்கக்கூடியது. பம்பு அதை வெளியே தள்ளுவதற்குள் அது மீண்டும் உள்ளே வந்துவிடுகிறது, பம்பு வீணாக ஏடிபியைச் செலவிட்டுக்கொண்டிருக்க, மருந்து செல்லுக்குள் தங்கிவிடுகிறது. ஆனால் நோயாளிக்கு அதற்குத் தேவைப்பட்ட அளவு, ரத்த அழுத்தத்தைத் தாழ்த்தி இதயத் துடிப்பையே குலைத்தது. அடுத்து வந்த சைக்ளோஸ்போரின், வால்ஸ்போடார், டாரிக்விடார் ஆகியவை ஓரிரு சோதனைகள் தவிர மற்றவற்றில் ஏமாற்றமே அளித்தன.

காரணம், அந்தப் பம்பு புற்றுநோய்க்காக உருவானதன்று. நம் குடலிலும் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களிலும் நஞ்சை வெளியேற்றிக் காப்பது அதுவே. 1990களின் தொடக்கத்தில் ஆம்ஸ்டர்டாமில் ஷிங்கல் குழுவினர் இந்தப் புரதம் இல்லாத எலிகளை உருவாக்கி வளர்த்தபோது, உண்ணிகளை ஒழிக்க வழக்கம்போல ஐவர்மெக்டின் தெளிக்கப்பட்டது. மற்ற எலிகளுக்கு எவ்விதத் தீங்கும் செய்யாத அந்த மருந்து இந்த எலிகளின் மூளைக்குள் புகுந்து அவற்றைக் கொன்றுவிட்டது. பின்னர் அளந்தபோது அவை அந்த மருந்துக்கு ஏறத்தாழ 100 மடங்கு எளிதில் பலியாகக்கூடியவை என்று தெரியவந்தது. பம்பைத் தடுக்கும் மருந்தைப் பெற்ற நோயாளிகளின் உடலிலிருந்து கீமோதெரபி மருந்து வெளியேறுவதும் தாமதமாகியதால், அதன் அளவையே குறைக்க வேண்டியதாயிற்று.

கட்டிக்கு மட்டும் மருந்தைக் கொண்டுசேர்க்கும் முயற்சிகளே இன்று கூடுதல் பொருத்தமாகத் தோன்றுகின்றன. இதில் சவ்வின் இறுக்கமே மருத்துவத்துக்குத் துணையானது உங்களுக்கு மகிழ்ச்சி தரும். 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்சில், டாக்சோரூபிசினை நுண்ணிய கொழுப்புக் குமிழிக்குள் அடைத்துத் தரும் மருந்து. அந்தக் குமிழியின் சவ்வை நிறைவுற்ற பாஸ்போலிப்பிடாலும் கொலஸ்ட்ராலாலும் வேண்டுமென்றே செறிவாக அமைத்தார்கள். வழியில் மருந்து கசியாமல் இருக்கவும், இதயத்துக்கு டாக்சோரூபிசின் செய்யும் தீங்கு குறையவும் அதுவே வழிவகுத்தது.

கேள்வி: அப்பா கீமோதெரபி எடுத்துவருகிறார். நிறைவுறா கொழுப்பு சவ்வை நெகிழவைக்கும் என்பதால் மீன் எண்ணெய் மாத்திரை கொடுக்கச் சொல்கிறார்கள். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரையும் உதவுமா? சமையல் எண்ணெயை மாற்றலாமா?
— ஒரு வாசகர், கோலாலம்பூர்

பதில்: மருத்துவரைக் கேட்காமல் மீன் எண்ணெய் மாத்திரை கொடுக்காதீர்கள். 2009இல் பிரான்சில் 25 மார்பகப் புற்றுநோய் நோயாளிகளுக்கு டிஹெச்ஏ என்னும் ஒமேகா-3 கொழுப்பு அமிலத்தைக் கீமோதெரபியுடன் சேர்த்துக் கொடுத்தபோது ஊக்கமளிக்கும் அறிகுறிகள் தெரிந்தன. ஆனால் அது ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறு ஆய்வு. இதற்கு நேர்மாறாக, நெதர்லாந்தின் உட்ரெக்ட் ஆய்வாளர்கள் 2011இல் எலிகளில் கண்டது கவலைக்குரியது: மீன் எண்ணெயில் சிறிதளவு இருக்கும் வேறொரு கொழுப்பு அமிலம் கீமோதெரபியின் பயனைக் குறைத்தது. 2015இல் அவர்களே, மீன் எண்ணெயும் ஹெர்ரிங், மேக்கரல் ஆகிய மீன்களும் மனிதர்களின் ரத்தத்தில் அந்த அமிலத்தின் அளவை உயர்த்துவதைக் காட்டி, கீமோதெரபிக்கு முந்தைய நாளிலிருந்து மறுநாள் வரை மீன் எண்ணெயைத் தவிர்க்கும்படி பரிந்துரைத்தார்கள். இதைப் படித்துவிட்டு அப்பாவின் சாப்பாட்டிலிருந்து மீனையே நீக்கிவிட வேண்டாம். கீமோதெரபி காலத்தில் உடல் எடை குறையாமல் காக்கப் புரதம் மிகத் தேவை. சிகிச்சை நாட்களை ஒட்டி எதை உண்ணலாம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டாடினைப் பொறுத்தவரை, பிரிட்டனில் சிறுசெல் நுரையீரல் புற்றுநோய் கண்ட 846 பேரிடம் கீமோதெரபியுடன் பிரவாஸ்டாடின் சேர்த்துப் பார்த்த பெரிய சோதனையின் முடிவு 2017இல் வெளியானது. கூடுதல் ஆயுள் கிடைக்கவில்லை. ரத்தத்தின் கொலஸ்ட்ரால் குறைவதால் கட்டியின் செல் சவ்விலும் அதே அளவு குறைந்துவிடாது. தனக்கு வேண்டியதைச் செல் தானே தயாரித்துக்கொள்ளும், வெளியிலிருந்தும் ஈர்த்துக்கொள்ளும். சமையல் எண்ணெயை மாற்றுவதற்கும் இது பொருந்தும்: அப்பாவுக்கு வாய்க்கு ருசியாக, குமட்டல் தராமல் இருக்கும் எண்ணெயில் சமைத்துக் கொடுங்கள்.

அப்பா ஏற்கெனவே இதய நோய்க்காக ஸ்டாடின் எடுத்துவந்தால், அதை நீங்களாக நிறுத்தவும் கூடாது. ரத்த அழுத்தத்துக்காகவோ இதயத் துடிப்புக்காகவோ வெரபமில் எடுத்துவந்தால், அதைப் புற்றுநோய் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். முந்தைய பதிலில் விளக்கிய அதே காரணத்தால், சில கீமோதெரபி மருந்துகள் உடலிலிருந்து வெளியேறுவதை அது தாமதப்படுத்தக்கூடும். சித்த மருந்து, மூலிகைப் பொடி, சத்து மாத்திரை உட்பட அவர் உட்கொள்ளும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்லும்போது எடுத்துச் செல்லுங்கள்.